கணவாய் மேசையில் பிடித்த கை

ஆடி மாதத்து முற்பகல் ஒன்று. கணவாய் மீனைச் சுத்தம் செய்யும் கூடத்தில் நான் நின்றிருந்தபோது கரண்ட் போனது.

அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஈ வரக்கூடாது என்று எல்லாப் பக்கமும் அடைத்துக் கட்டியிருந்தார்கள். சுவரின் உச்சியில் கண்ணாடி பதித்த துளைகள் வழியாக மட்டும் சாம்பல் நிற வெளிச்சம் இறங்கியது. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் முகமூடியும் போட்ட பெண்கள் வரிசையாக அப்படியே நின்றார்கள். முகங்கள் தெரியவில்லை. கண்கள் மட்டும் தெரிந்தன.

கரண்ட் போனால் அங்கே பேச்சும் நின்றுவிடும். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. குழாய் சொட்டுவது, ஐஸ் கட்டி உடைந்து சரிவது, வெளியே கச்சான் என்னும் மேல்காற்று தகரக் கூரையை அறைவது எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. பிறகு கடல் பக்கத்து ஷெட்டில் ஜெனரேட்டர் இருமி எழுந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.

தரையில் ஓடும் கழிவுநீர் வாய்க்காலை ஒட்டிய கடைசி மேசையில் பஞ்சவர்ணம் நின்றிருந்தாள். உச்சிப்புளிக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். வயது முப்பதுக்கு மேல். மற்றவர்கள் எல்லாம் கத்தியை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அவள் மட்டும் வலது கையை மேசைத் தொட்டியின் தண்ணீருக்குள் விட்டபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முகமூடி கழுத்தில் கிடந்தது. உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

நான் பக்கத்தில் போனேன். தண்ணீருக்குள் அவளுடைய விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் மடங்கியிருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. கலங்கிய கணவாய் மையும் ஐஸும்தான்.

"என்ன பஞ்சவர்ணம்?"

கண்ணைத் திறந்தாள். "ஒண்ணுமில்ல மேடம். வந்துருச்சு."

"என்ன, கரண்டா?"

அவள் கையை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டு, ஒரு கணவாயை எடுத்து அறுக்க ஆரம்பித்தாள்.

நான் போய்ச் சேர்ந்த இடம்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் கடலோரமாக இருந்தது அந்த ஆலை. இந்தக் கரையில் பிடிபடும் கணவாயும் நண்டும் அங்கே சுத்தமாகி, உறைந்து, பெட்டியாகிக் கப்பலேறும். மின் பராமரிப்புக்குப் பொறுப்பாளராக நான் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

பாம்பன் உப்புக் காற்று இரும்பைத் தின்னும் விதத்தைப் பற்றிப் போன வாரம் இதே பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், "எல்லாவற்றையும் செம்பில் செய்துவிடலாமே" என்று கேட்டிருக்கிறார். செய்யலாம். இந்தக் காற்றில் செம்பும் பச்சை பூத்து நிற்கும். அதோடு, வைத்த செம்பு மறுநாள் அங்கேயே இருக்க வேண்டும்.

உறைய வைக்கும் ஆலையில் கரண்ட் நிற்கக்கூடாது. கச்சான் காலத்திலும் ஐப்பசி மழையிலும் எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி போகும். அதனால் ஜெனரேட்டர்தான் உயிர். முன்பு சின்னதாக ஒன்று பேனல் அறைக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். நான் வருவதற்குச் சற்று முன்புதான் அதைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்றை வாங்கி, சத்தம் கேட்கக்கூடாது என்று கடல் பக்கத்து மதிலோரம் புது ஷெட் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கெனப் புதிதாக, கசியும் மின்சாரத்தைப் பூமியில் இறக்கும் எர்த் குழிகள் தோண்டி, மணலுக்கு அடியில் கேபிள் புதைத்து ஆலை வரை இழுத்திருந்தார்கள். பார்க்க நேர்த்தியான வேலை. ஷெட்டுக்கு நீல வர்ணம்கூட அடித்திருந்தார்கள்.

கடைசி மேசை

அந்த மேசையில் யாரும் விரும்பி நிற்பதில்லை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது.

கூடத்தின் மேலாளர் ஜமால் பாய், பெரியபட்டினத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய, நிதானமான மனிதர். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அவராகவே பேச்செடுத்தார்.

"இன்ஜினியரம்மா, ஒங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். அந்தக் கடைசி மேசையில என்னமோ இருக்குன்னு பொம்பளைங்க பேசிக்கிறாங்க. தண்ணிக்குள்ள கைய வச்சா யாரோ தொடுறாகளாம்."

"எப்பவுமா?"

"இல்ல. கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடயிலதான். மொத ஒரு புள்ள சொல்லுச்சு, அது வேலைய விட்டே நின்னுருச்சு. இன்னொண்ணு மேசைய மாத்திக்கிருச்சு. பஞ்சவர்ணம் மட்டும் நான் நிக்கிறேன்னு அவளா வந்து நின்னா."

அவர் சொன்ன பிறகு கவனித்தேன். மேசைக் காலில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. மேலே விளக்குச் சட்டத்தில் காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று தொங்கியது. எந்தத் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியின் கண்ணிலும் அது எப்படிப் படாமலிருந்தது என்பது தெரியவில்லை.

ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் என்றால் அது என் வேலை. ஜெனரேட்டரை ஓடவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு முனையை மேசையிலும் மறுமுனையைச் சுவரோரம் ஓடும் எர்த் பட்டையிலும் வைத்தேன். பூஜ்யம். குழாய்க்கும் மேசைக்கும் நடுவில் பூஜ்யம். ஜெனரேட்டர் போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரரின் ஆட்களும் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் பூஜ்யம்தான்.

"ஒண்ணும் இல்ல மேடம். மனப்பிராந்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நானும் கையுறையைக் கழற்றி மேசையைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சி தவிர ஒன்றும் தெரியவில்லை. என் காலில் கனத்த ரப்பர் பூட் இருந்தது.

ஒரு கல்யாண மண்டபம்

மின்சாரம் பேய் மாதிரி நடந்துகொள்ளும் என்பதை நான் அதற்கு முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். பரமக்குடியில் என் சித்தி மகள் கல்யாணம். காலை முகூர்த்தம். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் மண்டபத்துக்கு வெளியே வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று மணவறையின் இடப்பக்க விளக்குகள் எல்லாம் வெளுத்துப் பிரகாசித்தன. வலப்பக்க விளக்குகள் அகல்விளக்கு மாதிரி மங்கிச் சிவந்தன. மணப்பெண்ணின் ஒரு கன்னம் சுண்ணாம்பாக இருந்தது, மறு கன்னம் இருட்டில் இருந்தது. மின்விசிறிகளில் பாதி ஊளையிட்டன, பாதி நின்றன. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் விளக்குகள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்தன.

ஜெனரேட்டரில் நியூட்ரல் கம்பி கழன்றுவிட்டிருந்தது, அவ்வளவுதான். புறப்பட்டுப் போகிற மின்சாரம் திரும்பி வந்து சேர்கிற கம்பிக்குத்தான் நியூட்ரல் என்று பெயர். வழக்கமான வழி இல்லையென்றால் அது கிடைத்த வழியில் திரும்பும். யார் வீட்டு விளக்கு, யார் உடம்பு என்றெல்லாம் பார்க்காது. இதைப் படித்தவள் நான். ஆனாலும் அன்று மணவறையைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சித்தி இன்றுவரை அதைத் திருஷ்டி என்றுதான் சொல்கிறாள்.

அவள் விழுந்த நாள்

புரட்டாசியில் ஒரு மதியம். மழைக்கு முந்தைய புழுக்கம். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியிருந்தது. பேனல் அறையில் இருந்த எனக்குக் கூடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை. நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம்.

ஓடினேன். பஞ்சவர்ணத்தின் கை தொட்டி விளிம்பில் இறுகியிருந்தது. உடம்பு வில்லாக வளைந்து நடுங்கியது. கண் திறந்தே இருந்தது. யாரும் அவள் அருகில் போகவில்லை. நல்லவேளை போகவில்லை. நான் திரும்பிப் பேனல் அறைக்கு ஓடி மொத்தத்தையும் நிறுத்தினேன். இருட்டில் அவள் விழும் சத்தம் கேட்டது.

பிழைத்துவிட்டாள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இதயம், மூளை எல்லாம் பார்த்தார்கள். குறையில்லை, வலிப்பாக இருக்கலாம் என்றார்கள். நான் மறுபடி மீட்டர் வைத்தேன். மறுபடி பூஜ்யம். என்றாலும் அந்த மேசையைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, ஜெனரேட்டர் ஓடும்போது கூடத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முதலாளி முணுமுணுத்தார். ஜமால் பாய் எனக்காகப் பேசினார்.

அவள் கணவர் கருப்பையா அவளை ஏர்வாடிக்குக் கூட்டிப்போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். இந்து, முஸ்லிம் என்று பார்ப்பதில்லை. மனதிலோ உடம்பிலோ என்னவென்று புரியாத ஒன்று வந்தால் தர்காவில் போய்த் தங்குவார்கள்.

ஏர்வாடியில்

சில வாரங்கள் கழித்து நானும் ஜமால் பாயும் அவளைப் பார்க்கப் போனோம். சாம்பிராணிப் புகையும் கடல் காற்றும் கலந்த ஒரு சந்தில் வாடகை அறை. வாசலில் கருப்பையா உட்கார்ந்திருந்தார். விவசாயி, பேச்சுக் குறைந்தவர்.

"இங்கன வந்ததுலருந்து ஒண்ணும் வரல பாய். நல்லா இருக்கா. நல்லாத் தூங்குறா" என்றார்.

ஜமால் பாய் அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார். உள்ளே நானும் அவளும் மட்டும். பாயில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் ஆறிய தீக்காயம் ஒரு காசு அளவுக்கு இருந்தது.

"எப்ப மேடம் வேலைக்கு வரலாம்?"

"பயமா இல்லையா?"

"எனக்கு எதுக்குப் பயம்?" கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "இவுககிட்ட சொல்லல. ஒங்ககிட்ட சொல்றேன். அது எம்மக."

சந்தில் யாரோ ஓதிக்கொண்டே கடந்து போனார்கள்.

"பேரு அபி. ஊருணியில குளிக்கப் போனோம். கையப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தா. சேறு வழுக்கிருச்சு மேடம். தண்ணிக்குள்ள எம்புட்டுத் தேடுனேன் தெரியுமா. கை அம்புடவே இல்ல." அவள் குரல் மாறவில்லை. கணவாய் எடை சொல்வது மாதிரிதான் சொன்னாள். "இங்க வேலைக்கு வந்து மொத வாரம். கரண்டு போயிருச்சு. திரும்ப வரயில தண்ணிக்குள்ள வந்து பிடிச்சா. சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் சேத்துப் பிடிக்கிறது அவ பழக்கம். அதே மாதிரி."

அவள் அந்த இரண்டு விரல்களையும் தடவிக்கொண்டாள்.

"இங்கன அவ வரல. குணமாயிருச்சுங்கிறாக. எனக்கு அங்கன வரணும் மேடம்."

"அந்த ரெண்டு பேரத் தவிர மத்தவங்களுக்கு ஏன் வரல?"

"கிளவுஸ் போட்டிருப்பாகல்ல. பூட்டு வேற. நான் கரண்டு போனதும் ரெண்டையும் கழட்டிருவேன். பூட்டு போட்டிருந்தா வரமாட்டா. வெறுங்கால வாய்க்காத் தண்ணியில வச்சாத்தான் வருவா. அன்னைக்கு வாய்க்கா நெறையத் தண்ணி. அதான் அம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருச்சு புள்ள."

அவள் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வாய்க்கால் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மேசைக்கு அடியில் ஓடி, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே மணலில் போய் இறங்கும் வாய்க்கால்.

 

மணலில் அடித்த கம்பி

இத்தனை நாளும் நான் ஆலைக்குள்ளேயே ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு அளந்திருந்தேன். மேசை, குழாய், எர்த் பட்டை எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டவை. எல்லாவற்றிலும் மின்னழுத்தம் சேர்ந்தே உயர்ந்திருந்தால் மீட்டருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? படகில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தண்ணீர் ஏறியது தெரியாது. கரையைப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன், வாய்க்கால் வெளியே இறங்கும் இடத்தில் ஈர மணலில் ஓர் இரும்புக் கம்பியை அடித்தேன். அதிலிருந்து நீளமான வயரை உள்ளே இழுத்து மீட்டரில் மாட்டினேன். மறுமுனையைக் கடைசி மேசையில் வைத்தேன். பூஜ்யம். வெளியே நின்ற ஜமால் பாய் ஷெட்டைப் பார்த்துக் கையசைக்க, ஜெனரேட்டர் கிளம்பியது.

எண்கள் ஓடின. இருபது. நாற்பது. எழுபது வோல்ட்டுக்கு மேல் போய் நின்றன.

காலி மேசை. காலிக் கூடம். பார்வைக்கு எதுவும் மாறவில்லை. தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்றது.

அடுத்து நான் செய்ததை வேறு யாரும் செய்யக்கூடாது. என்கீழ் வேலை பார்க்கும் ஒருவர் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஒரு காலின் பூட்டைக் கழற்றி, அந்தக் காலை ஓரளவு காய்ந்திருந்த தரையில் வைத்து, புறங்கையால் தண்ணீரைத் தொட்டேன். புறங்கையால் தொட்டால் விரல் மடங்கும்போது கை தானாக விலகிவிடும் என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. ஒரு நொடிகூட இருக்காது. எறும்பு ஊர்வதுபோல் ஏதோ மணிக்கட்டு வரை ஏறியது. என் சுண்டு விரலும் அதை அடுத்த விரலும் உள்ளே மடங்கின.

பூட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போனேன்.

பிரேக்கர் விழுந்தது

ஜெனரேட்டரின் நியூட்ரலை அது இருக்கும் இடத்தில் பூமியோடு இணைக்க வேண்டும். இணைத்திருந்தார்கள். அந்த இணைப்பை ஆலையின் எர்த்தோடு ஒரு பட்டையால் கட்ட வேண்டும். அதைத்தான் கட்டவில்லை. பழைய ஜெனரேட்டர் பேனலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் ஒரே எர்த்தில் நின்றது. புதியதை மதிலோரம் தள்ளி வைத்தபோது அது தனி எர்த்தாகவும் ஆலை தனி எர்த்தாகவும் ஆகிவிட்டன. நடுவில் வெறும் மணல்.

பட்டை இருந்திருந்தால், எங்கே கசிவு வந்தாலும் மின்சாரம் மொத்தமும் அதன் வழியே பாய்ந்து திரும்பும். அந்த வேகத்தில், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்துவிடும். பட்டை இல்லாததால் கசிவு மணல் வழியே, வாய்க்கால் வழியே, அதில் நின்றவளின் உடம்பு வழியே மெதுவாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கருக்கு எதுவும் தெரியவில்லை.

அன்று மதியமே தடித்த கேபிள் ஒன்றைத் தரையோடு இழுத்து இரண்டு எர்த்தையும் கட்டினேன். ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன். போட்ட வேகத்தில் பிரேக்கர் 'டப்'பென்று விழுந்தது. ஆலையின் இயந்திரங்களையெல்லாம் பிரித்துவிட்டு மறுபடி போட்டோம். மறுபடி விழுந்தது. அப்படியானால் கோளாறு கூடத்தில் இல்லை. மணலுக்கடியில் வரும் கேபிளில்தான்.

தோண்டினோம். மதில் வேலிக்குக் கால் நட்டபோது யாரோ இறக்கிய கடப்பாரை கேபிளின் தோலைக் கிழித்திருந்தது. உப்பு நீர் உள்ளே போயிருந்தது. உள்ளே இருந்த கம்பி, கேபிளுக்குக் கவசமாகச் சுற்றியிருக்கும் இரும்புப் பின்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பின்னலை ஆலைப் பக்கம் மட்டும் எர்த்தில் இணைத்திருந்தார்கள். ஜெனரேட்டர் பக்கம் எதனோடும் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அதன் வழியாகத்தான் ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் ஆலையின் இரும்பு எல்லாம் உயிர் பெற்றிருக்கிறது. அவ்விடத்து மணல் கருகிக் கட்டிதட்டிப் போயிருந்தது. கிழிந்த இடத்தைச் சுற்றி ஒரு நண்டுப் பொந்துகூட இல்லை.

ஜமால் பாய் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "நாப்பது பொம்பளைங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

புதுக் கேபிள் வந்தது. இரண்டு எர்த்தும் நிரந்தரமாகக் கட்டப்பட்டன. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் குழியைக் காட்டினார் முதலாளி. அந்தப் பேச்சில் நான் இல்லை.

அவள் திரும்பி வந்தாள்

கார்த்திகையில் கருப்பையா அவளைக் கொண்டுவந்து விட்டார். "அவுக புண்ணியத்துல சரியாயிருச்சு" என்று தர்கா இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை. ஏர்வாடியில் இருந்த வாரங்களில் அவள் உயிரோடு இருந்தாள். அது பொய்யில்லையே.

அன்று மதியம் மழை பிடித்துக் கரண்ட் போனது. நான் கூடத்துக்குப் போனேன். பஞ்சவர்ணம் கடைசி மேசையில் நின்றாள். கையுறையையும் பூட்டையும் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். தடுக்க நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அன்று காலைதான் நானே அளந்திருந்தேன்.

ஜெனரேட்டர் எழுந்தது. விளக்குகள் வந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் வேலை செய்யாமல் அவளையே பார்த்தார்கள். தண்ணீருக்குள் அவள் விரல்கள் விரிந்தன, மடங்கின, மறுபடி விரிந்தன. இடம் மாற்றி மாற்றித் துழாவினாள். ஊருணியில் அவள் எப்படித் தேடியிருப்பாள் என்பதை அன்று நான் பார்த்தேன்.

வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

மாலையில் பேனல் அறைக்கு வந்தாள். நான் வெட்டி வைத்திருந்த கேபிள் துண்டைக் காட்டினேன். நடந்ததையெல்லாம் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன். கருகிய இடத்தை விரலால் தடவி மோந்து பார்த்தாள்.

"இதுதானா மேடம்?"

"இதுதான். இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா நீ பிழைச்சிருக்க மாட்ட."

"யாரு கைய வச்சாலும் பிடிச்சிருக்குமா?"

"யாரு வச்சாலும்."

தலையாட்டினாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"நீங்க வச்சுப் பாத்தீகளா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு? பெரிய கையா, சின்னக் கையா?"

அது கையே இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த விடை. வேலைக்கு உரிய விடையும் அதுதான். வெளியே வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"சின்னக் கை" என்றேன்.

அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் வாரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி வேனுக்கு ஓடினாள்.